கடவில் நின்ற படை: மேசைப்போரின் வியூகங்கள்

இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் 6 அடிக்கு 4 அடி கிடைக்கும். மேலே பச்சைத் துணி, அதற்கு மேல் வெட்டிப் போட்ட நீலப் பட்டைகள். நீலமெல்லாம் காயல். நீலத்துக்கு நடுவே மணல் நிறத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கிடக்கும் துண்டு ஒரு கடவு. காக்கநாட்டில் என் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் இந்தத் துணி விரிகிறது. இன்போபார்க்கில் வேலைபார்க்கும் நாலைந்து பேர் கூடுவோம். பாதிப்பேர் மலையாளிகள், பாதிப்பேர் என்னைப்போல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கையில் இஞ்ச் டேப், டப்பா நிறைய டைஸ், நாங்களே பிரைமர் அடித்து வண்ணம் தீட்டிய 28 மில்லிமீட்டர் உயர வீரர்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதில் எந்தப் படை பலமான படை? கேள்வி நியாயமானது. ஆனால் பல வருடம் ஆடிப் பார்த்தபின், அதற்குப் பதில் தேடிப் போகிறவர் வெகுநாள் தோற்றுக்கொண்டே இருப்பார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

திருக்குறளில் 48, 49, 50 ஆகிய அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல். போருக்குப் போகலாமா என்று இன்னும் முடிவெடுக்காத அரசனுக்கு அந்த வரிசை பொருந்துகிறது. முதலில் தன் வலி, மாற்றான் வலி; பிறகு எப்போது, எங்கே. மேசையில் நிலைமை வேறு. போர் நடக்கப்போவது முடிவாகிவிட்டது. 2000 பாயிண்டுக்கு 2000 பாயிண்ட் என்று வலியும் முன்கூட்டியே சமமாக்கப்பட்டுவிட்டது. ஆடுகிறவர் கையில் மிச்சமிருப்பது காலமும் இடமும்தான். அதனால் மேசைப்போரின் வியூகம் முழுவதையும் அந்த மூன்று அதிகாரங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்பதுபோல் படிக்க வேண்டும் என்பது என் துணிபு: முதலில் இடம், பிறகு காலம், வலி கடைசியில். இதற்கு நான் காட்டும் பெரிய சான்று கொச்சியிலேயே இருக்கிறது. அதற்கு முன் இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் அதன் பெயர் வருகிறது. சதுரங்கம் ஒரு பெரிய உண்மையைப் பிடித்தது: ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி நடை உண்டு, ஒன்றின் குறையை இன்னொன்று மூட வேண்டும். ஆனால் அதில் நிலம் இல்லை. 64 கட்டமும் ஒரே தரை. மேடு, சேறு, ஆறு எதுவும் கிடையாது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு நிலத்தின் குணத்தைக் கொடுத்தார். 1812இல் பிரஷ்ய அரசருக்கு மூத்த ரைஸ்விட்ஸ் நிலத்தோற்ற வில்லைகள் அடுக்கிய ஒரு மேசையைக் காட்டினார். 1824இல் அவர் மகன் அதை 1:8000 அளவு வரைபடத்துக்கு மாற்றினார். ஒரு சுற்று என்றால் 2 நிமிடப் போர். நடுவில் ஒரு நடுவர். இரு தரப்பும் உத்தரவை எழுதி அவரிடம் தருவார்கள், கண்ணுக்குத் தெரிய வேண்டிய எதிரியை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். பிரஷ்யப் படை இதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது.

பொம்மை வீரர்கள் பொதுமக்கள் வீட்டுத் தரைக்கு வந்தது எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' நூலோடு. அவர் ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு எதிரி வீரர்களைச் சாய்த்தார். அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. பொம்மைப் போரோடு உலகம் நிறுத்திக்கொள்ளட்டும் என்ற மனம்தான் அந்த நூல் முழுக்க ஓடுகிறது, அது நெஞ்சைத் தொடுகிறது. 1962இல் டொனால்ட் பெதர்ஸ்டோன் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு பாடநூல் தந்தார். 1983இல் வார்ஹாமர், 1987இல் அதன் விண்வெளி வடிவமான வார்ஹாமர் 40,000. 1990இல் ஒரு படைக்கு 12 அட்டைகளே போதும் என்ற 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்', சுருக்கமாக டி.பி.ஏ. அந்த மரபு விதிநூல்களின் படைப்பட்டியலில் பண்டைய இந்தியப் படைக்கும் தமிழ்ப் படைக்கும் தனி இடம் உண்டு. நம் முன்னோரின் யானையும் வில்லும் யாரோ ஓர் ஆங்கிலேயர் வீட்டு மேசையில் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு வரும்.

இனி கணக்கு. 1916இல் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வான்போரைப் பற்றிய தம் நூலில் ஒரு சமன்பாட்டைத் தந்தார். எல்லாரும் எல்லாரையும் சுடக்கூடிய வெட்டவெளியில், படையின் வலி அதன் எண்ணிக்கையின் வர்க்கமாக வளரும். இப்படிப் பாருங்கள். உங்களிடம் 10 பேர், எதிரியிடமும் 10 பேர், திறமையும் சமம். எதிரி தன் ஆட்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார். முதல் ஐவரை முடித்தபின் உங்களிடம் மிஞ்சுவது 100இலிருந்து 25 போக 75. அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 8.7. அடுத்த ஐவரை முடித்தபின் 50இன் வர்க்கமூலம், அதாவது 7. சமபலத்தோடு தொடங்கிய சண்டையில் ஒருவர் அடியோடு அழிகிறார், மற்றவரிடம் 10இல் 7 பேர் நிற்கிறார்கள். வீரம் கூடவில்லை, ஆயுதம் மாறவில்லை. மேசையில் நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் வந்தவை: ஒரு குதிரைப்படை யூனிட் ஆசையில் முன்னே பாய்கிறது, துணைக்கு வரவேண்டியது இரண்டு சுற்று பின்தங்கி நிற்கிறது. அபிமன்யுவின் கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த நாமும் இதைத்தான் செய்கிறோம். உள்ளே போகத் தெரியும், பின்னால் வருகிறவர்களுக்கு வாசல் மூடிவிடும்.

லான்செஸ்டர் இன்னொன்றும் சொன்னார். கைக்குக் கை மோதும் குறுகிய இடத்தில் வர்க்கம் செல்லாது. அங்கே ஒருவனுக்கு ஒருவன்தான். ஆயிரம் பேர் பின்னால் நின்றாலும் வாள் வீசுவது முன்வரிசை மட்டுமே. ஆகவே எண்ணிக்கை குறைந்தவர் தேடவேண்டியது குறுகல். எண்ணிக்கை மிகுந்தவர் தேடவேண்டியது வெளி. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொச்சிக்கு வரலாம்.

1503இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி கொச்சியைத் தாக்கினார். போர்த்துகீசியருக்கு இடம் கொடுத்தது குற்றம் என்பது காரணம். கொச்சி அரசர் வைப்பினுக்குத் தப்பிப் போனார். அந்த ஆண்டு போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து அவரை மீண்டும் அமர்த்தின. மரத்தால் ஒரு கோட்டையும் எழுந்தது. 1504 தொடக்கத்தில் கப்பல்கள் மிளகோடு திரும்பிப் போயின. பின்தங்கியவர் துவார்த்தே பச்செக்கோ பெரேரா. அவரோடு சுமார் 150 போர்த்துகீசியர், ஒரு பெரிய கப்பல், 2 காரவெல் (சிறு பாய்க்கப்பல்), சில படகுகள். சாமூதிரியின் கூட்டணிப் படை 57,000இலிருந்து 84,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். அது போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தவற்றிலிருந்து எடுத்த எண், வென்றவர் எழுதிய எண். பாதியாகக் குறைத்தாலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும்தான்.

அந்தப் பெரும்படை கூடிய இடம் இடப்பள்ளி. இடப்பள்ளித் தலைவர் சாமூதிரியின் பக்கம். காக்கநாட்டிலிருந்து இடப்பள்ளி சில கிலோமீட்டர்தான். இன்று அங்கே மேம்பாலமும் பெரிய மாலும் இருக்கின்றன. அங்கிருந்து கொச்சி நகரத்துக்குப் போக வேண்டுமானால் காயலைக் கடந்தாக வேண்டும். தெற்கே கும்பளம் பக்கத்தில் காயல் ஒடுங்குகிறது. ஓதம் வற்றும்போது ஆள் இறங்கி நடக்கக்கூடிய கடவுகள் அந்தப் பகுதியில் இருந்தன. பச்செக்கோ நகரத்தைக் காக்க நகரத்தில் நிற்கவில்லை. கடவில் போய் நின்றார்.

இந்த முடிவின் அழகை மேசையில் பொம்மைகளை வைத்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரிகிறது. துணியை விரித்து, காயல் இல்லாமல் முதலில் ஆடிப் பார்த்தோம். கொச்சித் தரப்பு இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. சாமூதிரியின் வில்லும் துப்பாக்கியும் மூன்று பக்கத்திலிருந்து ஒரே புள்ளியில் விழுந்தன; வர்க்க விதி தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு நீலப் பட்டைகளை வைத்தோம். அதே பொம்மைகள், அதே டைஸ். இப்போது கடவில் ஒரே நேரத்தில் நாலு வரிசைதான் இறங்க முடிகிறது. மீதிப் படை கரையில் நின்று பார்க்கிறது. காரவெல் பீரங்கியோ அந்த நாலு வரிசையின்மேல் ஒவ்வொரு சுற்றும் முழுதாகச் சுடுகிறது. காவல்காரருக்கு வர்க்க விதி, தாக்குகிறவருக்கு ஒருவனுக்கு ஒருவன் விதி. ஒரே போரில் இரு தரப்புக்கும் இரண்டு வேறு கணக்கு! இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

ஆனால் இடம் மட்டும் போதாது, இதையும் மேசைதான் காட்டியது. ஒருவனுக்கு ஒருவன் என்றாலும் பல்லாயிரம் பேர் வரிசையில் வந்தால் 150 பேர் கடைசியில் தீர்ந்துதான் போவார்கள். அவர்களைக் காத்தது ஓதம். நீர் வற்றினால் காலாள் இறங்கலாம், படகு தரை தட்டும். நீர் ஏறினால் படகு வரலாம், காலாள் இறங்க முடியாது. அந்தக் காயலில் தாக்குவதற்கு நாள் முழுவதும் கிடையாது, சில மணி நேரம்தான். அது கழிந்தால் கடல் வந்து ஆட்டத்தை நிறுத்திவிடும். மலையாளத்தில் இதை வேலியேற்றம், வேலியிறக்கம் என்கிறார்கள். பச்செக்கோ ஓதத்தைக் கூர்ந்து கவனித்த மாலுமி. பிற்பாடு அவர் எழுதிய 'எஸ்மெரால்டோ' என்னும் கடல்வழி நூலே அதற்குச் சாட்சி. எந்த நேரத்தில் எந்தக் கடவு திறக்கும் என்று தெரிந்தவருக்கு ஒரு காரவெல் இரண்டு காரவெலாகிவிடுகிறது. ஒரு கடவு மூடும்போது அடுத்த கடவுக்குப் போகலாம்.

இன்றைய வார்ஹாமர் 40,000 ஆட்டக்காரருக்கு இது பழகிய பாடம், பெயர்தான் வேறு. 2023இல் வந்த 10ஆம் பதிப்பில் ஒரு போர் 5 சுற்று. மேசையில் கிடக்கும் குறியிடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்குப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும், எவ்வளவு கொல்லும் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், இடத்தை எவ்வளவு பிடித்துவைக்கும் என்று தனியாக ஓர் எண் உண்டு. ஐந்தாவது சுற்று முடியும்போது உங்களிடம் மூன்றே பேர் மிஞ்சியிருந்தாலும் புள்ளியில் நீங்கள் வெல்லலாம். கொச்சி 1504இல் வென்றது இப்படித்தான். சாமூதிரியின் படை அழியவில்லை, சுற்று முடிந்துபோயிற்று. மார்ச் இறுதியில் தொடங்கிய சண்டை மழைக்காலத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று, முகாமில் கொள்ளைநோய் பரவியது, கூட்டணித் தலைவர்கள் மனம் சலித்தார்கள். ஜூலைக்குள் படை பின்வாங்கியது. எதிரியை முடிப்பதற்கும் எதிரியின் காலத்தை முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணராத ஆட்டக்காரர் முதல் மூன்று சுற்றும் எதிரி பொம்மைகளை எண்ணி எடுத்துச் சேர்த்துவிட்டு, கடைசியில் புள்ளிப் பலகையைப் பார்த்துத் திகைத்து உட்காருவார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாமூதிரியின் தரப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. என் கணிப்பில் அந்தத் தரப்பை ஆடுவதுதான் கடினம், அதில்தான் கற்கவும் அதிகம். கும்பளத்தில் நேராக மோதித் தோற்றதும் அவர்கள் வேறு கடவுகளுக்குத் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அழுத்திக் காவலைப் பிரிக்கப் பார்த்தார்கள். போர்த்துகீசியரிடமிருந்து பிரிந்துவந்த இரண்டு இத்தாலியக் கைவினைஞர்கள் அவர்களுக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தார்கள். பிறகு இரண்டிரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே மரக்கோபுரம் எழுப்பி, உயரத்திலிருந்து காரவெல்களின் தளத்தைத் தாக்கத் திட்டமிட்டார்கள். இது சரியான சிந்தனை. குறுகலில் எண்ணிக்கை பயன்படவில்லை என்றால் உயரத்தைத் தேடு, நீர் ஏறும் நேரத்தையும் தாக்கும் நேரமாக மாற்று. பச்செக்கோ கப்பல்களுக்கு முன்னால் மரங்களைச் சங்கிலியால் பிணைத்து மிதக்கவிட்டார். கோபுரங்கள் நெருங்கித் தொட முடியவில்லை. எட்ட நின்ற கோபுரத்தைப் பீரங்கி உடைத்தது. எங்கள் மேசையில் ஒரு தடவை சாமூதிரி வென்றார். அந்த ஆட்டக்காரர் செய்தது ஒன்றுதான்: நாலு சுற்று ஒரு கடவில் பொய்யாக அழுத்தி, காரவெல் வந்து நின்றதும், ஓதம் மாறும் சுற்றில் முழுப் படையையும் மற்றதில் இறக்கினார். திரும்பிவரக் காரவெலுக்குத் தண்ணீர் இல்லை.

இடத்தை அடைப்பது என்ற கலைக்கு நம்மிடம் இன்னும் பழைய பள்ளிக்கூடம் உண்டு. ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 சந்திப்புகள். கோயில் மண்டபத் தரைக் கல்லில் கீறிய அந்த முக்கோணத்தை யாரும் படைப்பயிற்சி என்று சொல்வதில்லை. ஆனால் சமமில்லாத இரண்டு படைகள், வெவ்வேறு வெற்றி இலக்கு, வெவ்வேறு நடை எல்லாம் அதில் இருக்கின்றன. புலி தாண்டிக் கொல்லும். ஆடு யாரையும் கொல்லாது. புலிக்கு அசைய இடமில்லாமல் செய்துவிட்டால் ஆடு வென்றது. ஆட்டுக்காரர் முதலில் கற்பது, ஒவ்வொரு ஆட்டின் முதுகுக்குப் பின்னும் இன்னொரு ஆடு இருக்க வேண்டும் என்பது. பின்னால் வெற்றிடம் இருந்தால்தானே புலி தாண்டி இறங்க முடியும்.

வார்ஹாமரில் இதற்குப் பெயர் ஸ்கிரீன். எதிரியின் சில யூனிட்டுகள் வானிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ மேசையின் எந்த மூலையிலும் இறங்கலாம். ஆனால் 10ஆம் பதிப்பின் பொது விதிப்படி உங்கள் ஆட்களிடமிருந்து 9 இஞ்சுக்கு அப்பால்தான் இறங்க முடியும். விலை மலிந்த, சண்டைக்கு உதவாத பத்துப் பேரை நீங்கள் பரப்பி வைத்தால் எதிரியின் சிறந்த யூனிட்டுக்கு இறங்க இடமே இருக்காது. அந்தப் பத்துப் பேர் ஒரு டைஸ்கூட உருட்டாமல் போரை வென்று தந்திருப்பார்கள். சின்ன வயதில் திண்ணையில் ஆட்டுப்பக்கம் ஆடிய ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த 9 இஞ்ச் ஏன் முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. இறங்கிய யூனிட் மோதப் பாய வேண்டுமானால் இரண்டு டைஸில் 9 அல்லது அதற்குமேல் விழ வேண்டும். 36 விழுகைகளில் 10தான் அப்படி விழும். நூற்றுக்கு 28க்கும் குறைவு. ஒருமுறை மீண்டும் உருட்ட வாய்ப்பிருந்தால் நூற்றுக்கு 48. இரண்டுமே பாதிக்குக் கீழே. ஆகவே அந்தப் பாய்ச்சலை நம்பி மற்ற யூனிட்டுகளை நகர்த்துகிறவர் தோல்வியை நோக்கித் திட்டமிடுகிறார். சுடுவதும் அப்படியே. 10 தோட்டா, மூன்றில் இரண்டு படும், பட்டதில் பாதி காயம், காயத்தில் மூன்றில் இரண்டைக் கவசம் தடுத்துவிடும் என்று வைத்தால், கடைசியில் விழுவது ஒரே ஓர் ஆள். இந்தப் பெருக்கலை மனத்தில் போடப் பழகியவர் டைஸைக் குறை சொல்வது நின்றுபோகும். நல்ல வியூகம் என்பது சராசரி விழுந்தாலே வெல்வது, மோசமாக விழுந்தாலும் குலையாமல் நிற்பது.

படைத்தலைமை என்பதைப் பல ஆட்டங்கள் சரியாகக் கையாள்வதில்லை. டி.பி.ஏ. ஓர் எளிய வழி கண்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டைஸ் உருட்டு. அதில் விழும் எண்தான் உன்னால் அந்தச் சுற்றில் கொடுக்க முடிந்த உத்தரவுகளின் எண்ணிக்கை. சேர்ந்து நிற்கும் அணிக்கு ஓர் உத்தரவு போதும். சிதறி நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். 1 விழுந்த சுற்றில் உங்கள் படை முக்கால்வாசி அப்படியே நிற்கும். அணி குலையாமல் வைத்திருப்பதன் அருமை அப்போது தெரியும். தலைவன் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆட்டம் கடுமையாகவே வைத்திருக்கிறது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே கங்க மன்னர் பூதுகனால் கொல்லப்பட்டார். சோழப்படை குலைந்தது, தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. யானைமேல் ஏறிய தலைவனைப் படை முழுதும் பார்க்கும், அதனால் அவர்களுக்குத் தெம்பு. எதிரியும் பார்ப்பான். மேசையில் தலைவன் அட்டையை எங்கே நிறுத்துவது என்று கை தயங்கும்போதெல்லாம் எனக்குத் தக்கோலம் நினைவு வருகிறது.

பெரும்பாலான மேசைப்போர்களுக்குப் பொதுவான ஒரு குறையும் இங்கே இருக்கிறது. ஆடுகிறவர் எல்லாவற்றையும் பருந்துபோல் மேலிருந்து பார்க்கிறார். பச்செக்கோவுக்கும் சாமூதிரிக்கும் அது வாய்க்கவில்லை; அடுத்த கடவில் நடப்பதை ஒரு படகுக்காரர் வந்து சொன்னால்தான் தெரியும். 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மர் டச்சுப் படையை வென்ற கதையில், பனைமரத் துண்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டினார்கள் என்று குமரிமாவட்டத்தில் சொல்வதுண்டு. மேலிருந்து பார்க்கும் மேசையில் அப்படி ஓர் ஏய்ப்புக்கு இடமே கிடையாது. ரைஸ்விட்ஸ் நடுவரை வைத்தது இதற்காகத்தான். நாங்கள் யூனிட்டுக்குப் பதில் கவிழ்த்த சீட்டுகளை நகர்த்துகிறோம், மூன்று சீட்டில் ஒன்று வெறும் சீட்டு. எதிரி பார்வை எட்டும் தூரத்துக்கு வந்தால்தான் திருப்ப வேண்டும். இந்த ஒரு விதி சேர்ந்ததும் ஆட்டத்தின் வேகம் மாறிவிட்டது; எல்லாரும் கொஞ்சம் பயத்தோடு நகர்ந்தார்கள்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி. சமமான பாயிண்டில் நேருக்கு நேர் மோதுவது மட்டுமே போர் என்று மேசைப்போர் உலகம் நெடுநாள் நினைத்தது. தமிழ் இலக்கணம் அப்படி நினைக்கவே இல்லை. புறத்திணை என்ற பகுப்பு போரின் வகைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரைக் கொடுத்திருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி. புறப்பொருள் வெண்பாமாலையில் வந்த படையை எதிர்த்து நிற்பது காஞ்சி, கோட்டையை முற்றுவது உழிஞை, காப்பது நொச்சி. இரு படையும் களம் குறித்து நேரே மோதுவது தும்பை. மேசைப்போர் ஆட்டக்காரர் இதைப் படித்தால் தம் மிஷன் புத்தகத்தை யாரோ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்ததாக உணர்வார். ஒவ்வொரு திணைக்கும் இலக்கு வேறு, ஆகவே வியூகம் வேறு. வெட்சியில் நிரையைக் கரைசேர்த்துவிட்டால் போதும். திரும்பிப் பார்த்துச் சண்டை போடுகிறவர் நிரையை இழப்பார். நொச்சியில் மதில் நிற்க வேண்டும். வெளியே வந்து துரத்துகிறவர் மதிலை இழப்பார். 2000 பாயிண்ட் ஆட்டம் தும்பை ஒன்றுதான். 1504 கொச்சி தும்பையாக ஆடப்பட்டிருந்தால் ஒரே காலையில் முடிந்திருக்கும். பச்செக்கோவும் கொச்சி அரசரும் அதைக் காஞ்சியாக ஆடினார்கள். எதிரி விரும்பும் திணையிலிருந்து போரை உங்கள் திணைக்கு இழுத்துவருவதைவிடப் பெரிய வியூகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் 1504 ஆட்டத்துக்கு விதி எழுதும்போது முதலில் இடித்தது எண்ணிக்கை. ஒரு பொம்மைக்கு 50 பேர் என்றால் போர்த்துகீசியர் 3 பொம்மை, சாமூதிரிக்கு ஆயிரத்துக்கு மேல். யார் வாங்குவது, யார் வண்ணம் அடிப்பது! கடைசியில் கிடைத்த தீர்வு போரின் இயல்பிலிருந்தே வந்தது. கடவில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் சாமூதிரிக்குப் பொம்மை. அழிந்த யூனிட் அடுத்த சுற்றில் பின்னங்கரையில் மீண்டும் வரும். அலை அலையாக, முடிவே இல்லாமல். ஆட்டம் 8 சுற்று. அதில் மூன்று சுற்று வற்றம், மற்றவை ஏற்றம்; எது எப்போது என்பதை ஓதச் சீட்டு சொல்லும். ஒவ்வொரு தடவை யூனிட் அழியும்போதும் சாமூதிரியின் கூட்டணி மனநிலை ஒரு படி இறங்கும். அடிப்படிக்கு வந்தால் ஒரு தலைவர் தன் படையோடு வீடு திரும்புவார். கொச்சித் தரப்புக்கு இரண்டு கடவு, இரண்டு காரவெல், ஒரு கோட்டை. கடவு இரண்டும் விழுந்தால் தோல்வி.

எழுதி முடித்து ஆடத் தொடங்கியபோது எங்களில் ஒருவர் கேட்டார், இதில் கொச்சிக்காரர்கள் எங்கே என்று. அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. 150 பேர் பல்லாயிரம் பேரைத் தடுத்தார்கள் என்பது போர்த்துகல் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காவியம். போர்த்துகீசியக் கவிஞர் கமோயன்ஷ் தம் பெருங்காப்பியத்தில் பச்செக்கோவை அக்கிலிஸுக்கு ஒப்பிட்டார். கொச்சி அரசரின் நாயர் படை கரையில் நின்றது. ஓதம் எப்போது மாறும், மணல் எங்கே மேடிட்டிருக்கிறது என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த வள்ளக்காரர்கள் இல்லாமல் எந்த அயலானும் அந்தக் காயலில் இரவில் படகு செலுத்தியிருக்க முடியாது. தன் நகரம் ஏற்கெனவே ஒருமுறை எரிந்தும், அடைக்கலம் கொடுத்தவர்களை விட்டுக்கொடுக்க மறுத்த ஓர் அரசரும் இருந்தார். அவர் தேர்வின் விலையைப் பின்னால் இந்தக் கடற்கரை முழுதும் கொடுத்தது. 1663இல் போர்த்துகீசியர் போய் டச்சுக்காரர்கள் வந்தபோதும் கொச்சி அரசு சுதந்திரமாக நிற்கவில்லை. பச்செக்கோவும் சொந்த நாட்டில் சிறைப்பட்டு, 1530களில் வறுமையில் இறந்தார்.

ஆகவே விதியைத் திருத்தினோம். கொச்சித் தரப்புக்கு வள்ளக்காரர் யூனிட் ஒன்று வந்தது. அது சுடாது, மோதாது. அது உயிரோடு இருக்கும்வரை கொச்சி ஆட்டக்காரர் அடுத்த சுற்றின் ஓதச் சீட்டை முன்கூட்டியே பார்க்கலாம். அது அழிந்தால் அவருக்கும் எதிரிக்கும் ஓதம் ஒரே இருட்டு. இந்த ஒரு யூனிட்டைச் சேர்த்தபின் நடந்த ஆட்டங்களில் சாமூதிரியை ஆடுகிறவர்கள் காரவெல்லை விட்டுவிட்டு வள்ளக்காரரைத்தான் முதலில் தேடுகிறார்கள். கொச்சியை ஆடுகிறவர்கள் தங்கள் சிறந்த யூனிட்டை அவர்களுக்குக் காவல் நிறுத்துகிறார்கள்.

இந்தப் பொம்மைகள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு போர்த்துகீசியருக்கு ஐரோப்பாவில் அச்சு வார்த்து விற்கிறார்கள்; கேரளத்து வள்ளக்காரருக்கு யார் வார்ப்பார்கள்? குழுவில் ஒருவர் 3டி பிரிண்டரில் வள்ளத்தையும் அதைத் தள்ளும் கழுக்கோலையும் வடித்துத் தந்தார். முண்டின் மடிப்பு மட்டும் சரியாக வரவில்லை, இரண்டு தடவை திருத்தினார். 12 பேரில் 5 பேருக்கு வண்ணம் அடித்தாயிற்று. மீதி 7 பேர் சாம்பல் நிறப் பிரைமரோடு என் மேசை ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை வற்றம் எந்தச் சுற்றில் தொடங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.